கொடைக்கானல் ஏரியும் குல்லூர்சந்தை அணையும்

தீபாவளி முடிந்து சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் லீவு விட்டதும் வேன் பிடிக்கும் பேச்சு ஆரம்பித்துவிடும். எங்கே? கேட்கவே வேண்டாம், கொடைக்கானல். ஏரியில் போட்டிங், கரையில் சைக்கிள், நாலு போட்டோ. போகட்டும், தப்பில்லை. ஆனால் "நம்ம மாவட்டத்துல பார்க்க என்ன இருக்கு, வெயிலும் கரிமருந்தும்தான்" என்று ஒரு சலிப்பு வருகிறதே, அதுதான் அபத்தம்.

அந்த ஏரி என்ன, ஆண்டவன் வெட்டியதா? மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் 1863-இல் ஓடையை மறித்து உண்டாக்கியது. கரை போட்டுத் தண்ணீர் தேக்குவது விருதுநகர்ப் பக்கத்து ஆட்களுக்குப் புதுசா? ஊருக்கு ஊர் கம்மாய் கிடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே கரையைச் சுற்றி ரோடு போட்டார்கள், இங்கே கரையில் குப்பை கொட்டுகிறார்கள். பறவைகள் வந்திறங்கும் குல்லூர்சந்தை அணைக்குக் கௌசிகா நதி சுமந்து வருவது விருதுநகரின் சாக்கடையை! அதை நிறுத்தாமல் சுற்றுலா வளர்ச்சி என்று மேடையில் பேசுவது வெட்கக்கேடு.

ஒரு நாள் போதும், ஊரைச் சுற்ற. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரம். மதியம் வெம்பக்கோட்டை, 2022-இல் அகழாய்வு தொடங்கிச் சங்கு வளையல்களாக வந்த வைப்பாற்றங்கரை. சாயங்காலம் குல்லூர்சந்தை, மூக்கைப் பொத்திக்கொண்டு.