ஆசிரியருக்குத் தேர்வு, அரசுக்கு யார் வைப்பது?

"வாத்தியாருக்கே பரீட்சைன்னா பயம். அப்புறம் நம்ம பிள்ளை எப்படி அண்ணாச்சி பாஸாகும்?"

2025 டிசம்பர் 5-ந்தேதி மாலை, மின்சார ரெயிலில் என் பக்கத்தில் நின்று வந்த கொத்தனார் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று மராட்டிய மாநிலத்தில் ஆசிரியர் சங்கங்கள் பள்ளிகளை மூடிப் போராட்டம் நடத்தின. அவருடைய மகன் படிக்கும் பள்ளியிலும் வகுப்பு நடக்கவில்லை. பையனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் அவருக்கு அரை நாள் கூலி போய்விட்டது. கோபம் வராமல் என்ன செய்யும்?

பெட்டியில் இருந்த பலரும் அவர் பக்கம்தான் பேசினார்கள். "மாசம் பிறந்தால் சம்பளம், வருஷம் முழுக்க லீவு, இதில் போராட்டம் வேறா?" என்றார் ஒருவர். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டது. வீட்டுக்கு நடந்து போகும்போதுதான், சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒவ்வொன்றாக மனதில் வந்தது. அதை இங்கே எழுதுகிறேன். அந்தக் கொத்தனார் கண்ணிலும் இது படும் என்று நம்புகிறேன்.

தீர்ப்பு என்ன?

போராட்டத்துக்கு முதல் காரணம், 2025 செப்டம்பர் 1-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு. 1 முதல் 8-ம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்கள், "டெட்" எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஏற்கனவே வேலையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஓய்வு பெற 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுக்குள் தேற வேண்டும். தேறாவிட்டால் வேலையை விட்டுப் போக வேண்டும். 5 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேறாமலே ஓய்வு வயது வரை நீடிக்கலாம். ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைப் பற்றிய கேள்வி பெரிய பெஞ்சுக்கு அனுப்பப்பட்டது.

இந்த வழக்குகள் மராட்டியத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவை. ஆகவே இது இங்குள்ள பிரச்சினை மட்டும் அல்ல. ஊரில் ஆசிரியர் வேலையில் இருக்கும் நம் அக்காள் தம்பிகளையும் இது தொடுகிறது. தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும்படி தமிழக அரசும் மனுப் போட்டது.

தேர்வு என்பது 150 கேள்வி, 150 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். 100-க்கு 60 வீதம், அதாவது 90 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் போன்றவர்களுக்குச் சலுகை உண்டு. இந்தத் தேர்வு 2010 ஆகஸ்டு 23-ந்தேதி வந்த அறிவிப்பின் மூலம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு வேலையில் சேர்ந்தவர்கள், அன்று அரசு கேட்ட படிப்பைப் படித்து, அன்று அரசு கேட்ட பயிற்சியை முடித்து, அரசு கொடுத்த உத்தரவை வாங்கிக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்தவர்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றிச் சேரவில்லை.

ரெயில்வேயில் என்ன வழக்கம்?

தேர்வே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். குமாஸ்தா வேலைக்குத் தேர்வு எழுதித்தான் வந்தேன். எங்கள் இலாகாவில் கலாசியாகச் சேர்ந்தவர் குமாஸ்தா ஆக வேண்டுமானாலும் இலாகாத் தேர்வு எழுத வேண்டும். தேறினால் மேலே போவார். தேறாவிட்டால் பழைய வேலையிலேயே இருப்பார். தேறவில்லை என்பதற்காக அவருடைய சோற்றில் யாரும் மண் போடுவதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ரெயில் ஓட்டும் டிரைவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை உண்டு. ஆயிரக்கணக்கான உயிர் அவர் கையில் இருப்பதால் அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. பார்வை குறைந்தால் என்ஜினில் ஏற விட மாட்டார்கள். ஆனால் வீட்டுக்கும் அனுப்ப மாட்டார்கள். சம்பளம் குறையாமல் வேறு வேலை கொடுப்பார்கள். உயிரைக் காக்கும் பரிசோதனையிலேயே இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. அப்படியிருக்க, 20 வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த ஒருவரை இரண்டரை மணி நேரத் தேர்வு ஒன்றை வைத்து வெளியே அனுப்புவது என்ன நியாயம்?

"பயம் இல்லாவிட்டால் எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். எழுதலாம். பலர் எழுதவும் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தேர்வின் யோக்கியதை என்ன? மராட்டியத்தில் 2019-20-ம் ஆண்டு டெட் தேர்வில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணை மாற்றிய மோசடி 2021 டிசம்பரில் அம்பலமாயிற்று. தேர்வை நடத்திய மாநிலக் குழுவின் தலைவரே கைதானார். 2022-ல் 7,800-க்கும் மேற்பட்டவர்கள் தகுதி இழந்தார்கள். பணம் கொடுத்தவன் அன்று "தகுதி" பெற்றான். கொடுக்க மனம் வராதவன் தேறாமல் நின்றான். ஆசிரியர் தேர்வுக்குப் பயப்படுகிறார் என்று சிரிக்கும் நாம், இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தகுதியும் வேண்டும், மலிவாகவும் வேண்டும்!

இனி அரசின் மறு பக்கத்தைப் பார்ப்போம்.

"பிள்ளைகளுக்குத் தகுதியான ஆசிரியர் வேண்டும்" என்பது அரசு சொல்லும் காரணம். நல்ல காரணம்தான். ஆனால் அந்தத் தகுதியான ஆசிரியருக்கு அரசு என்ன கொடுத்தது?

மராட்டியத்தில் 2000-ம் ஆண்டு "சிட்சண் சேவக்" திட்டம் வந்தது. சேவக் என்றால் சேவகர். புதிதாகச் சேரும் ஆசிரியர் முதல் 3 ஆண்டு சேவகராக இருக்க வேண்டும். சம்பளம் இல்லை, மதிப்பூதியம்தான். தொடக்கப் பள்ளியில் அந்த மதிப்பூதியம் 2022 முடியும் வரை மாதம் 6,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் அது 16,000 ரூபாய் ஆயிற்று. 6,000 ரூபாயில் மும்பையில் ஒரு சால் அறைக்கு வாடகை கொடுக்க முடியுமா? அந்த நாட்களில் சேவகராக இருந்த பெண் ஒருவரை எனக்குத் தெரியும். காலையில் பள்ளி, மாலையில் இரண்டு வீட்டில் டியூஷன், இரவில் துணி தைப்பது என்று 3 வருஷத்தை ஓட்டினார். "பிள்ளைகள் நோட்டைத் திருத்த நேரம் இல்லையே என்றுதான் வருத்தம்" என்பார்.

2012-ல் ஆசிரியர் நியமனத்துக்கே தடை போட்டார்கள். காலியிடங்கள் பெருகின. பின்னர் 2023 ஜூலையில், நிரந்தர நியமனம் நடக்கும் வரை ஜில்லா பரிஷத் பள்ளிகளில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களை மாதம் 20,000 ரூபாய்க்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் 9 தனியார் ஏஜென்சிகள் மூலம் அரசு வேலைகளுக்கு ஒப்பந்த ஆட்களை எடுக்க ஆணை வந்தது. ஆசிரியர் வேலையும் அந்தப் பட்டியலில் இருந்தது. இளைஞர்களும் சங்கங்களும் கொதித்தெழுந்த பிறகு அக்டோபரில் அந்த ஆணை வாபஸ் ஆயிற்று.

ஒரு கையால் "தகுதியைக் காட்டு" என்கிறார்கள். மறு கையால் "யார் குறைந்த கூலிக்கு வருவார்கள்?" என்று தேடுகிறார்கள். ஏஜென்சி மூலம் ஆள் எடுப்பது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? நாக்காவில் நின்று காண்டிராக்டரிடம் வேலைக்குப் போகிறவனுக்கு அது தெரியும். இன்று வரச் சொல்வான், நாளை வேண்டாம் என்பான். மண் சுமக்கிற வேலையிலேயே அது வேதனை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற வேலையில் அது கேடு. ஜூனில் வந்த ஆசிரியர் தீபாவளிக்குப் பிறகு இருப்பாரா என்று தெரியாத வகுப்பில், எந்தப் பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறது என்று யார் கவனிப்பார்கள்?

நான் பத்தாவதோடு நின்றவன். ரெயில்வே தேர்வில் நான் தேறியதற்கு என் கணக்கு வாத்தியார்தான் காரணம். என் அண்ணனுக்கும் அவர்தான் பாடம் நடத்தினார். எங்கள் வீடு அவருக்குத் தெரியும். நான் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் எங்கள் வாசலில் நிற்பார். அவர் டெட் எழுதியவர் அல்ல. ஆனால் அதே பள்ளியில் வருஷக்கணக்காக இருந்தவர். அந்த நிரந்தரம்தான் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் என்று இப்போது தோன்றுகிறது.

தமிழ்ப் பள்ளிகளின் கதி

மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் பாடம் நடக்கிறது. தாராவியிலும் மாதுங்காவிலும் கால் ஊன்றிய நம் பெரியவர்களின் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட தமிழ் வகுப்புகளில் படித்துத்தான் ஆளானார்கள்.

தமிழ் வழி ஆசிரியர் ஒருவர் போய்விட்டால், அந்த இடத்துக்கு வேறொருவர் சுலபமாகக் கிடைக்க மாட்டார். மராத்தி வழிக்கு மாநிலம் முழுக்க ஆள் உண்டு. தமிழ் வழிக்கு? மத்திய அரசின் தகுதித் தேர்வில் தமிழை மொழிப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். மற்றப் பாடங்களுக்குக் கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. தமிழிலேயே படித்துத் தமிழிலேயே கணக்குச் சொல்லித்தரும் ஒருவர், 45 வயதில் இந்த மொழிகளில் உட்கார்ந்து தேற வேண்டுமா?

போராட்டத்தின் இன்னொரு கோரிக்கையும் நமக்கு முக்கியம். 2024 மார்ச் 15-ந்தேதி ஆசிரியர் எண்ணிக்கை பற்றி மாநில அரசு ஓர் ஆணை போட்டது. அதன்படி 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 20 மாணவருக்குக் குறைந்தால் ஆசிரியர் பணியிடமே பறிபோகும் என்று சங்கங்கள் சொல்கின்றன. தலையை எண்ணி ஆசிரியர் கொடுப்பது என்றால் முதலில் அடிபடுவது யார்? மலையடிவாரத்துக் கிராமப் பள்ளியும், சிறு மொழி பேசுவோரின் பள்ளியும்தான். பிள்ளை குறைந்தால் ஆசிரியரை எடுப்பார்கள். ஆசிரியர் இல்லை என்று இன்னும் நாலு பெற்றோர் பிள்ளையை எடுப்பார்கள். பிறகு "மாணவர் இல்லை" என்று பூட்டுப் போடுவது சுலபம்.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை

இவ்வளவு சொன்னதால் ஆசிரியர் சங்கங்கள் செய்வதெல்லாம் சரி என்று ஆகாது.

2023 மார்ச் 14 முதல் 20 வரை பழைய பென்ஷனுக்காக மராட்டிய அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நியாயமான கோரிக்கை. இங்கே 2005 நவம்பர் 1-ந்தேதிக்குப் பிறகு சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன் இல்லை. மத்திய அரசில் 2004-க்குப் பிறகு சேர்ந்தவருக்கு இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் அது பரீட்சைக் காலம். பென்ஷனே இல்லாத கொத்தனாருக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், "இதில் உன் பிள்ளைக்கு என்ன?" என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் பென்ஷன் மேலே இருக்கிறது. காலியிடம் நிரப்புவது கீழே இருக்கிறது. அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். பள்ளியை மூடுவதற்கு ஒரு வாரம் முன்பே பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். "பயிற்சி கொடுங்கள், எங்கள் மொழியில் தேர்வு வையுங்கள், எழுதுகிறோம், தேறாவிட்டால் மறுபடி பயிற்சி கொடுங்கள், வேலையைப் பறிக்காதீர்கள்" என்று வெளிப்படையாகச் சொன்னால் ஊர் அவர்கள் பக்கம் நிற்கும். தேர்வே வேண்டாம் என்றால் அந்தக் கொத்தனார் சிரிக்கத்தான் செய்வார். பாடம் நடத்தாத ஆசிரியரும் இருக்கிறார். அவரையும் சங்கம் குடை பிடித்துக் காப்பாற்றினால், நன்றாக நடத்துகிற பத்துப் பேரின் பெயரும் சேர்ந்து கெடும்.

நம் பங்கு

நாமும் ரெயிலில் நின்று குறை சொல்வதோடு விட்டுவிடக் கூடாது. கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் நிர்வாகக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்கிறோம்? இந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் தற்காலிகம் என்ற மூன்று கேள்வியை எழுத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு. மாதத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கொத்தனார் அண்ணாச்சிக்கு என் பதில் இதுதான். உங்கள் அரை நாள் கூலி போனது உண்மை. ஆனால் அன்று ஒரு நாள்தான் பள்ளி மூடியிருந்தது. ஆசிரியர் இடத்தை நிரப்பாமல் விட்டதால், பள்ளி திறந்திருந்தும் பாடம் நடக்காத நாட்கள் எத்தனை என்று உங்கள் பையனைக் கேட்டுப் பாருங்கள். அந்த நாட்களுக்கும் யாரையாவது கோபிக்க வேண்டும் அல்லவா?

ஆசிரியருக்குத் தேர்வு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லா வகுப்பிலும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்ற ஒரே கேள்விக்கு முதலில் அரசு பதில் எழுதட்டும்.