யாழ்ப்பாணத்துக்கு ஒரு கிழமை ஒதுக்குங்கள்

 

பள்ளிக்கூட விடுமுறை கிட்ட வந்தால் எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான். "சேர், யாழ்ப்பாணம் பார்க்க ரெண்டு நாள் காணுமா?"

காணாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

ரெண்டு நாள் பயணம் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். இரவு கொழும்பில் வான் வெளிக்கிடும். விடியக் கீரிமலை. பிறகு நல்லூர், நூலக வாசலில் ஒரு படம், கோட்டை மதிலில் ஒரு படம். அடுத்த நாள் குறிகட்டுவானுக்கு ஓட்டம், நயினாதீவு, திரும்பும் வழியில் ஒரு ஐஸ்கிரீம். வானுக்குள்ளே பாதிப் பேர் நித்திரை. ஊருக்குப் போய் "யாழ்ப்பாணம் பார்த்தாச்சு" என்று பதிவும் போட்டுவிடுவார்கள்.

கனடாவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் குடும்பத்தோடு உருகுவேயின் தலைநகரம் மொண்டிவீடியோவுக்குப் போனார். கடலோரத் தலைநகரம். ஒரு கிழமை முழுக்க ஒரே இடத்தில் தங்கினார்களாம். அங்கே ரம்ப்லா என்று 20 கிலோமீற்றருக்கு மேல் நீளமான கரையோர நடைபாதை இருக்கிறது. பின்னேரமானால் சனங்கள் சுடுதண்ணிப் போத்தலும் கையுமாக வந்திருந்து, மாட்டே என்கிற இலைத் தேநீரைக் குடித்துக்கொண்டு கதைப்பார்கள். "ஒண்டுமே செய்யேல்ல சேர், அதுதான் சந்தோசம்" என்றார். அதே மனிதர் இலங்கைக்கு மூன்று கிழமை லீவில் வரும்போது யாழ்ப்பாணத்துக்கு ஒதுக்கியது ரெண்டு நாள். ஏன் என்று கேட்டேன். "தெரிஞ்ச ஊர்தானே சேர்."

இந்த "தெரிஞ்ச ஊர்" என்ற நினைப்போடுதான் எனக்குச் சண்டை. தெரியாத ஊருக்கு ஒரு கிழமை கொடுக்கிறோம். தெரிந்ததாக நினைக்கிற ஊருக்கு அவகாசமே கொடுப்பதில்லை. அதனால் அது தெரியாமலேயே இருந்துவிடுகிறது.

சரி, ஒரு கிழமை எப்படி இருக்கலாம்? என் யோசனை இது. ஒரே இடத்தில் அறை எடுங்கள். நாளுக்கு ஒரு வேலை மட்டும், அதுவும் காலையில். பத்து மணிக்குப் பிறகு வெயில் உங்களை விடாது. மத்தியானம் சாப்பிட்டுப் படுங்கள். பின்னேரம் சைக்கிளோ காலோ போகிற பக்கம் போங்கள். அவ்வளவுதான் திட்டம்.

நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். குறிகட்டுவானில் இருந்து படகு கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் ஓடும். பவளக்கல் வேலிகள், காட்டுக்குதிரைகள், பெருக்கமரம் எல்லாம் அங்கே. சோளகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசியுங்கள். திரும்பும் படகின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வையுங்கள். இன்னொரு நாள் பஸ்ஸில் பருத்தித்துறை போய் வெளிச்சவீட்டுப் பக்கம் நடங்கள். ஒரு காலை திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் சும்மா நின்று பாருங்கள். ஒரு நாள் நூலகத்துக்குப் போங்கள். 1981இல் சுமார் 97,000 புத்தகங்களோடு எரிக்கப்பட்ட நூலகம் அது. வாசலில் படம் எடுத்துவிட்டு ஓடாமல், அங்கே இன்றைக்கும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். பின்னேரம் பண்ணைப் பாலத்தடியில் கடற்காற்று. அதற்குக் காசு இல்லை.

எப்போது வரலாம்? தை முதல் பங்குனி வரை காலநிலை நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் நுங்கும் வேண்டும் என்றால் வெயிலைத் தாங்கத்தான் வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாள், அந்த நேரம் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதியுங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விசயம்.

ரெண்டு நாள் பட்டியல் எதிலும் சோனகதெரு இருக்காது. நகரத்தின் நடுவில் இருந்து நடக்கிற தூரம்தான். இலங்கை சிவில் சேவையில் முதல் முஸ்லிமாகச் சேர்ந்தவரும், பின்பு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தவருமான ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், யாழ் இந்துக் கல்லூரியில் படித்தவர். 1955இல் யாழ் மாநகர முதல்வராக இருந்தவர் காதி எம்.எம். சுல்தான். இதை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடம் சொன்னாலே ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள்.

1990 ஒக்ரோபர் 30 அன்று, இரண்டு மணித்தியால அவகாசத்தில், யாழ் நகர முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 அன்று, இராணுவம் முன்னேற, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் இரவோடு இரவாக இடம்பெயர்ந்தார்கள். காரணம் வேறு, கட்டளை வேறு, திரும்பி வந்த கதையும் வேறு. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே திகதியில் இரண்டு தடவை வெறுமையான நகரம் இது. இதை வானின் ஜன்னலால் பார்க்க முடியாது. ஒரு தேத்தண்ணிக் கடையில் மூன்றாவது நாளும் போய் உட்கார்ந்தால்தான், கடைக்காரர் "நீங்க எங்கால?" என்று கேட்பார். கதை அங்கேதான் தொடங்கும்.

அதற்காக இடிந்த சுவர்களைப் படம் பிடிக்க வராதீர்கள். அது ஒருவருடைய வீடு. பள்ளிவாசலுக்குத் தொழ வாருங்கள், கடையில் சாப்பிட வாருங்கள், கதைக்க வாருங்கள். நல்லூருக்குப் போகும்போது ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றுகிற மரியாதையை எப்படிக் கேட்டறிந்து செய்கிறீர்களோ, அதே மரியாதையோடு எங்கள் தெருவுக்கும் வாருங்கள்.

புத்தளத்தில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒரு கலியாணத்துக்கு வந்து மாலையே திரும்பிவிடுகிறீர்கள். உங்கள் பிள்ளைகளிடம் சொந்த ஊர் கேட்டால் "யாழ்ப்பாணம்" என்கிறார்கள். ஆனால் அந்த ஊரில் ஒரு இரவுகூட அவர்கள் தூங்கியதில்லை. ஸுபஹு பாங்கை இங்கே கேட்டதில்லை. ஒரு கிழமை கூட்டி வாருங்கள். மூத்தம்மா படித்த பள்ளிக்கூடத்தைக் காட்டுங்கள். அடுத்த வீட்டில் இருந்த தமிழ்க் குடும்பத்தைத் தேடிப் பாருங்கள்.

இது மீள்குடியேற்றத்துக்குப் பதிலாகாது என்று எனக்குத் தெரியும். வீடும் காணியும் உரிமை. அதை அரசிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் ஊரே தெரியாத பிள்ளை நாளைக்கு எதைக் கேட்கும்?

"ஒரு கிழமைக்குச் செலவாகுமே சேர்" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெண்டு நாளில் பெரிய செலவு வான் வாடகைதான். ரயிலில் வந்து, உள்ளூர் பஸ்ஸில் திரிந்தால் அந்தக் காசு அறைக்கும் சாப்பாட்டுக்கும் போகும். அரச ஊழியர் என்றால் ரயில் வாரண்ட் இருக்கிறது, சும்மா கிடந்து காலாவதியாக விடாதீர்கள். கிழமைக்கணக்கில் தங்கினால் அறை வாடகையையும் கதைத்துக் குறைக்கலாம். காசும் இங்கேயே இருக்கிற கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் போய்ச் சேரும்.

லீவு இல்லாதவர்கள் நான்கு நாளாவது வாருங்கள். வந்தால் பட்டியலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். சோனகதெருப் பக்கம் வந்தால் ஒரு மெசேஜ் போடுங்கள், தேத்தண்ணி என் கணக்கில், இன்ஷா அல்லாஹ்.