கோதடிக்குத் துணி வாங்குமுன்

மார்கழி பிறந்துவிட்டால் புனேயில் விடியற்காலைக் குளிர் பத்து டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஊரில் ஒற்றை வேட்டியைப் போர்த்துக்கொண்டு உறங்கிப் பழகிய நம்மவர் இங்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே கோதடியைத் தேடத் தொடங்குகின்றனர். பழந்துணிகளை அடுக்கி, மேலும் கீழும் நல்ல துணி வைத்து, வரி வரியாகக் கையால் ஓட்டுத் தையல் போட்டு மராட்டிய மாதர் செய்யும் போர்வை அது. நம் இல்லங்களிலும் பலர் அதனைத் தாமே தைக்க முற்பட்டிருப்பதால், அதற்குத் துணி எடுக்கும் விதத்தைப் பற்றி இம்மாதம் எழுதப் புகுந்தோம். எழுதும் தகுதி நமக்கு ஏமாந்ததனால் வந்தது.

நாம் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தர். நாள்தோறும் துணி மூட்டைகளை எடைபோட்டு ரசீது எழுதுகிறவனுக்குத் துணியைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் நமக்கு இருந்தது. உண்மையில் நமக்குத் தெரிந்தது மூட்டையின் எடை மட்டுமே. சென்ற ஆண்டு நம் வீட்டில் குழந்தை பிறக்கவிருந்த சமயம், கோதடியின் மேல்துணிக்காக ஐந்து மீட்டர் சிவப்புத் துணி வாங்கி வந்தோம். பக்கத்துக் கடையைவிட மீட்டருக்கு இருபது ரூபாய் குறைவு. ஆக நூறு ரூபாய் மிச்சம். வீட்டில் அதனை இரண்டு மாதம் உட்கார்ந்து தைத்தார்கள். முதல் சலவையிலேயே சிவப்பு இளகி வெள்ளைக் கரையில் ஏறிற்று. கஞ்சி கரைந்து துணி சல்லடையாயிற்று. தையல் வரிகளெல்லாம் சுருங்கி முடிச்சிட்டுக்கொண்டன. உடன் ஊறிய குழந்தையின் வெள்ளைச் சட்டைகளும் ரோஜா நிறமாயின. வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நமக்கு அதிகமாக உறுத்திற்று.

கோதடியில் விலை மிகுந்தது துணி அன்று. அதில் விழும் தையல். ஆயிரக்கணக்கான தையல்களைத் தாங்க வேண்டிய மேல்துணியில் நூறு ரூபாய் குறைப்பது மிச்சம் பிடிப்பதாகாது. குறைக்க வேண்டுமானால் நடுவே அடுக்கும் துணியில் குறைக்கலாம். அதற்கு வழி உண்டு, பின்னால் சொல்கிறோம்.

இங்கே ரவிவார் பேட்டையின் காபட் கஞ்சிலும், லட்சுமி சாலையிலும், துளசிபாக் சந்துகளிலும் துணிக்குக் குறைவில்லை. இச்சல்கரஞ்சி விசைத்தறித் துணி முதல் நம் ஈரோட்டுத் துணி வரை வருகின்றன. கடைக்காரர் துணியைப் பலகையின் மீது விரித்து அடிக்கும் ஓசையில் மயங்காமல் முதலில் கவனிக்க வேண்டியது கஞ்சி. நெய்யும்போது பாவு நூல் அறாமலிருக்கக் கஞ்சி போடுவது தறியின் இயல்பு, அது குற்றமன்று. நெய்த பிறகு, நெருக்கமில்லாத துணியின் கண்களை அடைப்பதற்காகக் கஞ்சியும் வெள்ளைக் களிமண்ணும் ஏற்றுவதுதான் நம்மை ஏமாற்றுவது. துணியின் ஒரு மூலையை இரு கைகளாலும் துணி துவைப்பதுபோல் நன்றாகக் கசக்குங்கள். வெண்பொடி உதிர்ந்தாலும், விறைப்பு மறைந்து அந்த மூலை மட்டும் துவண்டு விழுந்தாலும் ஐயம் கொள்ளுங்கள். கசக்கிய இடத்தையும் கசக்காத இடத்தையும் சேர்த்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஊடையைத் தள்ளிப் பாருங்கள். நூல்கள் விலகி வழி விட்டால், அந்தத் துணி தையலின் இழுப்புக்கும் வழி விட்டுவிடும்.

கடைக்காரர் ‘நாற்பது’, ‘அறுபது’ என்று நூலின் எண்ணைச் சொல்வார். ஒரு ராத்தல் எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே அந்த எண். 40-ஆம் எண் நூல் ஒரு ராத்தல் 33,600 கஜம் நீளம். அதாவது 19 மைல். 80-ஆம் எண்ணாயின் 38 மைல். புனே நிலையத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டால் மறுமுனை லோணாவளாவை நெருங்கிவிடும். (கணக்குப் போட்டுப் பார்த்த அன்று அலுவலகத்தில் வேலை குறைவு.) எண் ஏற ஏற நூல் மெலிகிறது என்பதே இதன் பொருள், துணி உயர்ந்தது என்று ஆகாது. மெல்லிய மல் துணி குழந்தைக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் துவைக்கும் கோதடிக்கு அது தாங்காது. மிக நெருக்கி நெய்த பாப்ளினில் ஊசி இறங்காமல் விரல் நோகும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ நூறு கிராம் நிற்கும் கேம்ப்ரிக் போன்ற துணியே கைத்தையலுக்கு இதமானது.

‘சுத்தப் பருத்தி’ என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டா. ஓரத்து நூல் சிலவற்றை உருவி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியபின் கறுத்த மணியாகக் கெட்டிப்படும். ரேயான் மட்டும் இச்சோதனைக்கு அகப்படாது. அதுவும் காகிதம்போலவே எரியும். அதனைப் பிடிக்க, நூலை நனைத்து இழுக்க வேண்டும். நனைந்தால் பருத்தி நூல் வலுப்பெறும். ரேயான் நூல் வலுவிழந்து எளிதில் அறும். கைத்தறி என்று சொல்லி விற்றால் 2006-ஆம் ஆண்டு முதல் வழங்கும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். கையால் நெய்தது என்பதற்கு அது அத்தாட்சி, சாயத்துக்கு அன்று.

சாயத்தைச் சோதிக்க ஈரமான வெள்ளைக் கைக்குட்டை போதும். கடையிலேயே அழுத்தித் தேயுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய மூன்றையும் தேய்க்காமல் வாங்கலாகாது. ‘பக்கா ரங்’ என்று கடைக்காரர் மும்முறை சொன்னாலும் தேயுங்கள். நமக்கு நான்கு முறை சொன்னார்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. நூலில் பிடிக்காத சாயத்தை உப்புப் பிடித்துவைக்காது என்பதை நாம் ஒரு படி உப்பைச் செலவழித்துக் கற்றோம்.

விலையை ஒப்பிடும்போது பன்னாவையும் கேளுங்கள். 36 அங்குலத் துணி மீட்டர் 80 ரூபாய், 44 அங்குலத் துணி 90 ரூபாய் என்றால், பத்து ரூபாய் கூடிய துணியே மலிவு. சுருக்கத்துக்கும் இடம் விடுங்கள். சாதாரணப் பருத்தித் துணி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கக்கூடும். ஆகவே வெட்டுமுன் துவைத்து, உலர்த்தி, தேய்த்துவிட வேண்டும்.

இதனை நமக்குச் சொன்னவர் மேல்வீட்டு ஆஜி. பாழான நம் கோதடியைக் கொடியில் கண்டு அவரே இறங்கி வந்தார். தையலைப் புகழ்ந்துவிட்டு, “புதுத் துணியைத் துவைக்காமல் பழந்துணியோடு சேர்த்துத் தைத்தாயா, மகளே?” என்று மராட்டியில் கேட்டார். பழையது சுருங்கி முடித்தது. புதியது இனிமேல் சுருங்கப்போவது. இரண்டையும் ஒரே தையலில் கட்டினால் புதியது பழையதை இழுத்து முடிச்சிடும். நம் சுருக்கங்களுக்குக் காரணம் அதுவே.

நடு அடுக்குக்கு அவர் காட்டிய வழி காசில்லாத வழி. பலமுறை துவைத்த பருத்திச் சேலையில் கஞ்சி இல்லை; போக வேண்டிய சாயம் போயிற்று; சுருங்க வேண்டியது சுருங்கிற்று. கடையில் நாம் செய்யும் சோதனையெல்லாம் அச்சேலை உடுத்தியவரின் இடுப்பிலேயே தேறிவிட்டது. இழைந்துபோன பகுதியை மட்டும் இரு கைகளால் இழுத்துப் பார்த்து, கிழியுமாயின் வெட்டி எறிய வேண்டும். பெரும்பாலும் அமரும்போது இழுபடும் பின்புறமே அவ்வாறு இற்றிருக்கும். முந்தானை உறுதியாக இருக்கும். ஆஜியின் ஒன்பது கஜம் நௌவாரி போன்றே நம் பாட்டிமாரின் பதினெட்டு முழமும் இதற்கு ஏற்றது.

இம்முறை ஊரிலிருந்து நம் மாமியார் தம் பழைய சுங்குடிச் சேலைகள் மூன்றைப் பார்சலில் அனுப்பியிருந்தார். ரசீதை நாமே எழுதினோம். இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மேல்துணிக்கு எடுத்த பச்சைக் கேம்ப்ரிக் இரண்டு முறை நனைந்து உலர்ந்துவிட்டது. வாளி நீர் தெளிவாகவே இருந்தது. ஆயினும் வீட்டில் இன்னும் ஒரு முறை நனைத்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.