பிழைக் காசா, அடிபட்ட காசா?

கைக்கு வந்த காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உத்திரமேரூருக்குப் புதிதல்ல. வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ல் வெட்டப்பட்ட கல்வெட்டைக் குடவோலைக்காகத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதிலேயே பொன் வாரியமும் வருகிறது. பொன் விவகாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு. அதற்கும் ஓலை போட்டுத்தான் ஆள் எடுத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த வாரியம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ‘இந்த ஐந்து ரூபாய் இருந்தால் லட்சாதிபதி’ என்று வீடியோ வந்த அன்று, வீட்டு உண்டியல், கடைக் கல்லா எல்லாம் தரையில் கொட்டப்படும். வைஷ்ணோ தேவி படம் போட்ட காசைத் தேடுவார்கள். அது நினைவு நாணயம்; பிழையே இல்லை. ஆண்டுக்குக் கீழே குறி இல்லாததும் பிழையில்லை. மும்பைக்கு வைரக் குறி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா காசுக்குக் குறியே கிடையாது.

அப்படியானால் எது பிழை? நாணயச் சாலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே நேர்ந்த கோளாறு மட்டும்தான்.

உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி, மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். அச்சு திரும்பியிருந்தால் பின்பக்கம் சாய்ந்துவிடும். சோதிப்பது சுலபம். சிங்க முகம் நேராக இருக்கும்படி காசின் உச்சியையும் அடியையும் இரு விரலால் பிடித்து, புத்தகப் பக்கம் போலப் புரட்டுங்கள். மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். தலைகீழாக நின்றால் பத்திரப்படுத்தலாம். லேசான சாய்வை யாரும் மதிப்பதில்லை.

முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு பக்கத்தில் அதன் உருவமே குழிவாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாக விழும். சேகரிப்பவர்கள் இதை ‘பிராக்கேஜ்’ என்பார்கள்.

எலி கடித்தது போல ஓரம் குறைந்த காசுதான் சுவாரஸ்யம். தகட்டில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் மறுபடி வெட்டு விழுந்தால் வில்லை இப்படிக் குறைபடும். அரத்தால் ராவியும் இதைச் செய்துவிடலாமே? செய்கிறார்கள். ஆனால் நிஜப் பிழையில், கடிக்கு நேர் எதிர்ப்புற விளிம்பு பெரும்பாலும் மங்கி மழுங்கியிருக்கும். ராவுகிறவருக்கு அந்தப் பக்கம் ஞாபகம் வருவதில்லை!

செங்கல்பட்டுப் பக்கம் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசு, ஆசிட்டில் போட்டு இளைத்த காசு எல்லாம் வெறும் சேதம். ‘ஷோலே’ படத்தில் வருவது போல இரண்டு பக்கமும் ஒரே உருவம் இருந்தால், பெரும்பாலும் இரண்டு காசைக் கடைந்து பொருத்திய கைவேலை.

இந்தக் குழப்பத்தில் அதிகம் அடிபட்டது பத்து ரூபாய் நாணயம். ₹ குறியே 2010-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய காசில் அது எப்படி இருக்கும்? 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும், பஸ்ஸிலும் கடையிலும் வாங்க மறுத்தவர்கள் உண்டு. கீரை விற்கும் பாட்டி அன்றைய வருமானத்தைச் செலவழிக்க முடியாமல் முந்தானையில் முடிந்துகொண்டு திரும்புவது சின்ன விஷயமா?

பெரிய விஷயம் இன்னொன்று. ‘உங்கள் காசை லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், முதலில் வரியும் கமிஷனும் கட்டுங்கள்’ என்று போன் வரும். ரிசர்வ் வங்கி பெயரையே சொல்வார்கள். பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமில்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. காசை வாங்க வருகிறவர்தான் பணம் தர வேண்டும். விற்கிறவர் எதற்குக் கட்டுவது?

நிஜமாகவே ஒரு பிழைக் காசு சிக்கினால், தனியாகக் காகித உறையில் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று நாணய வியாபாரிகளிடம் காட்டி விலை கேளுங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசுக்கு மவுசு குறைவு.