ராக்கெட் போயாச்சு, ஃபைல் போகலை

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள். நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நம்ம எல்விஎம்3 ராக்கெட், ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்களைத் தூக்கிக்கொண்டு போனது. உக்ரைன் போரால் அந்த நிறுவனத்துக்கு ரஷ்ய ராக்கெட் இல்லை என்று ஆனது அதே வருஷம் மார்ச்சில்தான். ஏழே மாதத்தில் இஸ்ரோ வேலையை முடித்தது. 2023 மார்ச்சில் இன்னொரு 36.

இப்போது ஃபைல் கதைக்கு வருவோம். அதே ஒன்வெப்புக்குத் தொலைத்தொடர்புத் துறை லைசென்ஸ் கொடுத்தது 2021 ஆகஸ்டில். இன்-ஸ்பேஸ் அனுமதி வந்தது 2023 நவம்பரில். 2025 டிசம்பர் முடிகிறபோதும் வியாபாரம் தொடங்க அலைக்கற்றை கைக்கு வரவில்லை. நாமே ஏற்றிவிட்ட செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலேயே சுற்றுகிறது, நமக்கு மட்டும் சிக்னல் கிடையாது!

ஸ்டார்லிங்க் 2022-ல் விண்ணப்பித்து 2025 ஜூனில் லைசென்ஸ் வாங்கியது. (லைசென்ஸ் இல்லாமலே முன்பதிவுப் பணம் வாங்கியவர்களை 2021-ல் அரசு தடுத்தது சரிதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.)

உடனே ஒருவர் "பாதுகாப்பு?" என்பார். நியாயமான கேள்வி. 2008-ல் மும்பைக்கு வந்த தீவிரவாதிகளிடம் இருந்தது சாட்டிலைட் போன். ஆனால் அது நம்மிடம் லைசென்ஸ் வாங்கி வந்த போனா? 2024 டிசம்பரில் மணிப்பூரில் பிடிபட்ட ஸ்டார்லிங்க் கருவியும் அப்படி வந்ததில்லை. கள்ளத்தனமாக வருகிறவன் ஃபைலுக்காகக் காத்திருப்பதில்லை. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஜன்னலில் வேலை முடிந்தால்தான் அடுத்த ஜன்னல் திறக்கும் என்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். லைசென்ஸ், விண்வெளி அனுமதி, பாதுகாப்புச் சோதனை மூன்றையும் ஒரே நாளில் தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் கெடு வையுங்கள். கெடு தாண்டினால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

உண்மையான பயம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 2ஜி லைசென்ஸ்களை ரத்து செய்தது. அதற்குப் பிறகு ஏலம் இல்லாத அலைக்கற்றை ஃபைலில் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்குக் கை வரும்? ஆனால் 2023 தொலைத்தொடர்புச் சட்டம் செயற்கைக்கோள் சேவைக்கு ஏலம் வேண்டாம் என்று எழுதியே வைத்துவிட்டதே. சாக்கும் போச்சு.

அப்புறம் விலை. 2025 மே மாதம் டிராய் அமைப்பு வருமானத்தில் 4 சதவீதம் என்று பரிந்துரை செய்தது. துறை 5 வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. டிசம்பரில் டிராய் மறுபடியும் 4-லேயே நின்றது. பி.காம் படிக்கிற எனக்கே தெரிகிறது: வியாபாரமே தொடங்காத இடத்தில் 4 சதவீதமும் பூஜ்யம், 5 சதவீதமும் பூஜ்யம். இந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. அதனால்தான் யாருக்கும் உறைக்கவில்லை.

ஏறுகிற இடம் ஒன்று உண்டு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட குமரி மாவட்ட மீனவர்களுக்குச் செல்போன் எட்டாது, படகின் விஎச்எஃப் கருவியும் எட்டாது. புயல் வருகிறது என்று சொல்ல வழியே இல்லாமல் போனவர்களை இன்னும் கரையில் தேடுகிறார்கள். பிறகு படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் வந்தது. நல்ல விஷயம். ஆனால் அதில் குறுஞ்செய்தி மட்டும்தான், பேச முடியாது. அந்தத் தூரத்தில் செயற்கைக்கோளை விட்டால் வேறு எது எட்டும்?

வழி இல்லாமல் இல்லை. பாதுகாப்புச் சோதனைக்காகத் தற்காலிக அலைக்கற்றை கொடுத்தார்கள் இல்லையா? சேவைக்கும் அப்படியே கொடுங்கள். துறை கேட்ட 5 சதவீதத்தையே இப்போதைக்கு வாங்குங்கள். கடைசியில் 4 என்று முடிவானால் மிச்சத்தைக் கழித்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் டாக்ஸில் வருஷா வருஷம் இதைத்தானே செய்கிறோம்?