நடை திரும்பியது, மலக்கட்டுப்பாடு?

டிஸ்க் பிதுங்கிப் பின்னங்கால்கள் செயலிழந்த நாய்க்கு அறுவை சிகிச்சை செய்து, சில வாரங்களில் அது எழுந்து நடந்துவிட்டால், பதிவேட்டில் ‘நடக்கிறது’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். மலத்தை அதனால் அடக்க முடிகிறதா என்பதை எழுத வேண்டிய இடம் பெரும்பாலும் வெற்றிடமாகவே கிடக்கிறது. அதை நிரப்பாமல் ஒரு நாயைக் குணமானதாகக் கணக்கில் சேர்ப்பது தவறு. அறுவைக்கு முன் வளர்ப்பவரிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் ஒப்புதல் வாங்குவது அதைவிடப் பெரிய தவறு.

ஆழ்வலி உணர்வு எஞ்சியிருக்கும் நாய்களில், அறுவைக்குப் பின் பத்தில் ஒன்பதுக்கு மேல் நடந்துவிடுகின்றன. சிக்கல் கூர்மையாவது அந்த உணர்வும் போனவற்றில்தான். நடாஷா ஓல்பியும் அவருடைய சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய நிலையில் டிஸ்க்குக்காக அறுவை செய்யப்பட்ட 64 நாய்களில் 37 நாய்களுக்கு உணர்வும் நடையும் திரும்பின. 58 விழுக்காடு என்ற அந்த எண்ணைத்தான் நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். அதே ஆய்வு, குணமடைந்த அந்த 37இலேயே 15 நாய்களுக்கு மலக்கட்டுப்பாட்டிலும் 12 நாய்களுக்குச் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் குறை நீடித்ததாகச் சொல்கிறது. இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. இன்னொன்றும் உண்டு. ஆழ்வலி உணர்வு திரும்பாமலே, தண்டுவட அனிச்சையால் மட்டும் தத்தித் தத்தி நடக்கப் பழகிக்கொள்ளும் நாய்கள் இருக்கின்றன. மூளையோடு தொடர்பு அறுந்த அவற்றுக்கு மலம் வருவதே தெரியாது. ‘நடக்கிறது’ என்ற சொல் அவற்றையும் முழுமையாகத் தேறியவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது.

இந்தக் குறை கண்ணில் படாமல் போவதற்கு நம் பரிசோதனை முறையும் ஒரு காரணம். ஆசனவாயின் வெளிச் சுருக்குத்தசையை இயக்கும் புடெண்டல் நரம்பு திருவெலும்புத் தண்டுவடப் பகுதிகளிலிருந்து கிளம்புகிறது. நாயில் அந்தப் பகுதிகள் ஏறத்தாழ ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புக்குள் அமைந்திருக்கின்றன. டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களில் டிஸ்க் அதிகம் பிதுங்குவதோ மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில், அதற்கு வெகுமுன்னே. ஆகவே அனிச்சை வளையம் சேதமில்லாமல் இருக்கும். ஆசனவாயைத் தொட்டால் சுருங்கும், நாமும் ‘இயல்பு’ என்று எழுதிவிடுவோம். ஆனால் மலக்குடல் நிரம்பிய செய்தி மேலே போய்ச் சேர்வதில்லை. நிரம்பியது தானாகவே வெளியேறுகிறது. ஜெர்மன் ஷெப்பர்டில் இடுப்பும் திருவெலும்பும் சேரும் இடத்தில் நரம்புக்கற்றை நசுங்கும்போது நிலைமை வேறு. அங்கே வளையமே பழுதாவதால் ஆசனவாய் தளர்ந்து, குரைத்தாலும் எழுந்தாலும் மலம் கசியக்கூடும். வளர்ப்பவர் இரண்டையும் ‘வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறது’ என்றுதான் சொல்வார். பிரித்தறிய வேண்டியது நாம். பக் இனத்தில் இன்னும் கவனம் தேவை: தண்டுவட நோயில் நடை தெளிவாகக் கெடுவதற்கு முன்பே மலம் தவறுவது தொடங்கிவிடலாம். அதை வயிற்றுக் கோளாறு என்றோ பழக்கக் கேடு என்றோ எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது அந்த நாய்க்குச் செய்யும் அநீதி.

எஞ்சிய குறை லேசானது என்று அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்களே, முடங்கிக் கிடப்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டா என்று கேட்கலாம். நரம்பியல் அளவுகோலில் அது லேசானதுதான். இரண்டு அறைக் குடியிருப்பில், தவழும் குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெரியவரோ உள்ள வீட்டில், அது தினமும் எதிர்ப்படும் சங்கடம். வலுவான ஆட்சேபம் வேறொன்று: முன்கூட்டியே சொன்னால் வளர்ப்பவர் மிரண்டு கருணைக்கொலையைக் கேட்பார், தேறக்கூடிய நாயும் சாகும். சிலர் அப்படி முடிவெடுக்கத்தான் செய்வார்கள். இருந்தும் சொல்லாமல் விடுவதால் அந்த முடிவு தள்ளித்தான் போகிறது. பெருஞ்செலவு செய்து நடக்கவைத்த நாய் மொட்டைமாடியில் கட்டப்படுகிறது, அல்லது எங்கோ கொண்டுபோய் விடப்படுகிறது. மேலும், சொல்வதென்றால் முழுவதையும் சொல்ல வேண்டும். அனிச்சை வளையம் உயிரோடிருக்கும் நாயைச் சாப்பிட்ட பின் குறித்த நேரத்தில் வெளியே கொண்டுபோய், ஈரப் பஞ்சால் ஆசனவாய் ஓரத்தைத் தூண்டி மலம் கழிக்கவைக்கப் பழக்கலாம். சக்கை குறைந்த, எளிதில் செரிக்கும் உணவு மலத்தின் அளவைக் குறைக்கும். வழியையும் சேர்த்துச் சொன்னால் வளர்ப்பவர் தயாராக முடியும்.

முதல் சில வாரங்களில் எழுதுவது பின்னால் பொய்யாகிவிடும், குணம் மாதக்கணக்கில் தொடரும் என்பதும் உண்மை. ஆகவே ஒருமுறை எழுதினால் போதாது. அறுவைக்கு முன்பும், வீட்டுக்கு அனுப்பும்போதும், ஆறாவது வாரத்திலும், ஆறாவது மாதத்திலும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும்: மலம் கழிக்கக் குந்துகிறதா, நடந்துகொண்டோ தூங்கிக்கொண்டோ இருக்கும்போது விழுகிறதா, விழுந்ததை அது கவனிக்கிறதா, வாரத்தில் எத்தனை முறை, மலம் கெட்டியா இளக்கமா. இந்த ஐந்தையும் தொலைபேசியிலேயே கேட்டு எழுதிவிடலாம்.