எறும்புக்கு எந்த ஊர்?

நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும் என்பார்கள். குழந்தை தெய்வத்துக்குச் சமம் என்றும் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் எந்த புரோகிராமும் ஏன் உருப்படுவதில்லை என்பது புரிந்துவிடும். நாம் ஒன்று நினைக்கிறோம். தெய்வம் நம் இடுப்பிலேயே உட்கார்ந்துகொண்டு வேறொன்று நினைக்கிறது.

பெரியவர்கள் போடும் திட்டங்களில் 'பத்து மணிக்கு', 'அப்புறம்', 'நேரமாச்சு' என்று மூன்று சொற்கள் தவறாமல் இருக்கும். இரண்டரை வயது அகராதியில் இந்த மூன்றுமே கிடையாது. எங்கள் வீட்டு அம்மணிக்குப் போன வாரக் கல்யாணமும் 'நேத்து'தான், போன வருஷம் போட்ட தடுப்பூசியும் 'நேத்து'தான். 'நாளைக்கு' என்றால் மட்டும் 'கிடையாது' என்று அர்த்தம். அது எங்களிடம் கற்றுக்கொண்டது!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போவதாக ஏற்பாடு. பட்டணத்தில் மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகங்கள் 1985-ல் அங்கே குடிபெயர்ந்தன. 602 ஹெக்டேர் காடு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. எல்லாம் விசாரித்தாகிவிட்டது. தயிர்சாதம், தண்ணீர் பாட்டில், குடை, மாற்று ஜட்டி மூன்று சகிதம் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினோம். அந்த வண்டி தாம்பரத்தோடு சரி. அங்கே இறங்கிச் செங்கல்பட்டு வண்டி பிடிக்க வேண்டும்.

வண்டி வந்தது. அம்மணி வரவில்லை. பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். எதிரே, யாரோ சிந்திய முறுக்குத் துண்டை ஒரு பட்டாளம் எறும்பு இழுத்துக்கொண்டு போய்க் கொண்டிருந்தது.

"எறும்பு எந்த ஊருக்குப் போகுது?"

"செங்கல்பட்டுக்கு. வா, நாமளும் போகலாம்."

"அதுக்கு டிக்கெட்டு?"

ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம் என்ற ரயில்வே விதியை நான் விளக்கி முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியும் போயிற்று. அலாக்காகத் தூக்கிக்கொண்டு ஏறலாம்தான். ஆனால் அதற்கு அம்மணி வைக்கும் கச்சேரி கேட்டால், சிங்கமே வண்டலூரைக் காலி பண்ணிவிடும்.

என் மனைவிதான் கேட்டாள்: "ஏங்க, நாம எதுக்குக் கிளம்பினோம்? பிராணிங்களைக் காட்டத்தானே? அவ பார்த்துக்கிட்டுத்தானே இருக்கா!"

நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மரியா மாண்டிசோரி அம்மையார் நினைவுக்கு வந்தார். சின்னக் குழந்தை எங்கேயோ போய்ச் சேருவதற்காக நடப்பதில்லை, பெரியவர்கள்தான் அதன் வேகத்துக்கு இறங்கி வரவேண்டும் என்று சொன்னவர் அவர். அந்த அம்மையார் கதையே புரோகிராம் மாறின கதைதான்.

ஆசிரியர்களுக்குச் சில மாதம் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்று 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. இத்தாலியர் என்பதால் அவர் மகனைப் பிரிட்டிஷ் சர்க்கார் காவலில் வைத்தது. அம்மையாரின் 70-வது பிறந்த நாளையொட்டித்தான் விடுவித்தது. அவர் ஐரோப்பா திரும்பியது 1946-ல்! நடுவில் சும்மா இருந்தாரா? கொடைக்கானலில் இருந்தபோது சின்னஞ்சிறு குழந்தைகளைக் கூர்ந்து பார்த்தார். பிறந்த முதல் சில வருஷங்களில் குழந்தை எப்படிக் கற்கிறது என்று அவர் சொன்னவை 1949-ல் அடையாறிலேயே புத்தகமாக அச்சாகின. பல தேசங்களில் இன்றும் படிக்கிறார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் குழந்தை இஷ்டத்துக்கு விடச் சொல்லவில்லை, சார். தடுப்பூசித் தேதி, மருந்து வேளை, ரோட்டைத் தாண்டும்போது பிடித்த கை... இவை எவ்வளவு அழுதாலும் மாறாது. மற்றதெல்லாம் பென்சிலால் எழுதினது. பக்கத்திலேயே ரப்பரும் இருக்கட்டும்.

முக்கால் மணி நேரம் கழித்து முறுக்கு ஒரு சுவர் இடுக்கில் போய் மறைந்தது.

"எறும்பு வீட்டுக்குப் போயிடுச்சு. நாம யார் வீட்டுக்கு?"

வெயில் ஏறிவிட்டது. தாம்பரத்தில்தான் என் பெரியத்தை இருக்கிறார். வயது எண்பத்தொன்று. தனியாக இருக்கிறார். போய்க் கதவைத் தட்டினோம். திறந்தவர் முகம் வெளிறிவிட்டது.

"என்னடா ஆச்சு? யாருக்கு என்ன?"

கல்யாணப் பத்திரிகையோ கெட்ட செய்தியோ இல்லாமல் அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லையாம். ஒன்றுமில்லை, சும்மாதான் வந்தோம் என்று அவரை நம்பவைக்க ஒரு டம்ளர் காபி நேரம் பிடித்தது. அப்புறம் தயிர்சாதத்தை அங்கேயே பிரித்தோம். "சும்மா வந்தாங்களாம்... சும்மா!" என்று அத்தை தனக்குள்ளேயே நாலு தடவை சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் அத்தை கைத்தடியோடும் அம்மணி ஒரு குச்சியோடும் கொல்லைப்புறம் உலாவப் போனார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வேகம். ஒருவரை ஒருவர் 'சீக்கிரம் வா' என்று சொல்லவே இல்லை.

"எங்கேடி கண்ணு கிளம்பினீங்க?"

"சிங்கம் பார்க்க."

"பார்த்தாச்சா?"

அம்மணி அத்தையின் வெள்ளைத் தலையை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டிருந்த வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்தாள்.

"ம்... ஆனா இதுக்குப் பல்லு இல்ல!"